513 படி ஏறும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?



தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். பினாங்கு தண்ணீர்மலைக்குப் போய் வந்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சென்ற ஆண்டும் அப்படித்தான்.

"டிரெசரய்யா, ஏறும்போது ஒண்ணும் தெரியலை. இன்னிக்குக் கட்டிலை விட்டு எழுந்திரிக்க முடியலை. தொடை ரெண்டும் கல்லு மாதிரி இருக்குது. நல்ல எண்ணெயா ஒண்ணு குடுங்க" என்றார் செம்பனைக் குலை வெட்டும் ஒரு தம்பி.

அவருக்குப் பின்னால் பால்மரம் வெட்டும் ஓர் அம்மா, வயது முப்பத்தைந்து இருக்கும், தயங்கித் தயங்கி நின்றார். "எனக்கு வலி இல்லீங்கய்யா. நூறு படிகூட ஏற முடியலை. நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கண்ணு இருட்டிடுச்சு. பாதியிலேயே உக்காந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் சோம்பேறின்னுட்டார்" என்றார்.

இருவரும் ஒரே மலைக்குப் போனவர்கள்தாம். ஆனால் இருவருக்கும் நடந்தது வேறு வேறு. அதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், நாம் நடக்கும்போதும் ஏறும்போதும் மரம் வெட்டும்போதும் உடம்பு எங்கிருந்து பலத்தை எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இம்மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சதை எப்படி இழுக்கிறது?

நம் உடம்பில் உள்ள தசைநார் ஒவ்வொன்றும் மயிரைவிட மெல்லிய இழைகளால் ஆனது. அந்த இழைக்குள்ளும் இரண்டு வகை நுண்ணிழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. உங்கள் இரண்டு கை விரல்களையும் எதிரெதிராக வைத்து, ஒன்றின் இடுக்கில் மற்றொன்றை நுழைத்துப் பாருங்கள். விரல்கள் குறுகவில்லை, ஆனால் இரண்டு கையும் நெருங்கி வருகின்றன அல்லவா? தசை சுருங்குவதும் இப்படித்தான். ஒரு வகை இழையில் சின்னஞ்சிறு கொக்கிகள் உண்டு. அவை மற்ற இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து இழுக்கின்றன. கிணற்றில் வாளிக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதைப் போல. இந்த உண்மையை விஞ்ஞானிகள் 1954-இல்தான் கண்டு சொன்னார்கள்.

கொக்கி ஒரு தடவை இழுத்து விடுவதற்குக் கூலி கொடுத்தாக வேண்டும். உடம்புக்குள் செல்லுபடியாகும் அந்தக் காசுக்குப் பெயர் ஏ.டி.பி. நீங்கள் சாப்பிட்ட சோறானாலும் சரி, மீனானாலும் சரி, தேங்காய்ப்பால் ஆனாலும் சரி, ஏ.டி.பி. என்ற காசாக மாற்றினால்தான் தசை அதை வாங்கிக்கொள்ளும். கடைக்காரரிடம் நெல் மூட்டையைக் கொடுத்துக் கோப்பி குடிக்க முடியுமா? அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காசு தசையில் எவ்வளவு இருப்பு இருக்கிறது தெரியுமா? முழு மூச்சாக வேலை செய்தால் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். ஆகவே செலவழிக்கச் செலவழிக்க உடம்பு புதுக் காசு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் வைத்திருக்கிறது.

முதல் வழி: மடியில் முடிந்த பணம்

தசைக்குள் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் கொஞ்சம் இருக்கிறது. ஏ.டி.பி. தீர்ந்த மறுகணமே இது அதைப் புதுப்பித்துவிடும். மூச்சுக்காற்றுக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் சுமார் பத்து விநாடியில் தீர்ந்து போகும்.

நம் நாட்டு டாக்டர் எம். ஜெகதீசனை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வென்றவர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017 வரை யாரும் முறியடிக்கவில்லை. 100 மீட்டர் ஓட்டம் பெரும்பாலும் இந்த மடிப் பணத்தில் நடக்கும் காரியம். செம்பனைக் குலையை ஒரே தம்மில் தூக்கித் தள்ளுவண்டியில் போடுகிறீர்களே, அதுவும் அப்படித்தான். தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு மூன்று நிமிடம் நிதானித்தால் மடி பெரும்பாலும் மறுபடி நிரம்பிவிடும். மூச்சு விடாமல் அடுத்தடுத்துத் தூக்கினால் நிரம்பாது. குலைக்குக் குலை சற்று நிற்பதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் வழி: கைமாற்றுப் பணம்

சோற்றில் உள்ள மாவுச்சத்தைச் சீனியாக்கி, தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைக்கிறது. இதற்குக் கிளைக்கோஜன் என்று பெயர். அவசரம் என்றால் இந்தச் சீனியை மூச்சுக்காற்றின் உதவி இல்லாமலே பாதி உடைத்து உடம்பு காசு பார்க்கும். வேகமாகக் கிடைக்கும், ஆனால் நட்டக் கணக்கு. ஒரு பங்கு சீனியிலிருந்து இரண்டு மூன்று ஏ.டி.பி.தான் தேறும். இதே சீனியைக் காற்றோடு சேர்த்து முழுதாக எரித்தால் சுமார் முப்பது கிடைக்கும். முழு வேகத்தில் இந்த வழி ஒன்றிரண்டு நிமிடம்தான் தாங்கும். தசை எரிகிற மாதிரி இருக்கும், மூச்சு இரைக்கும்.

தண்ணீர்மலையில் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். 2012-இல் குடமுழுக்கு நடந்ததிலிருந்து எத்தனையோ பேர் ஏறி இறங்கியிருக்கிறோம். கீழே நிற்கும்போது ஒரு வேகம் வரும். இளைஞர்கள் முதல் நாற்பது ஐம்பது படிகளை இரண்டிரண்டாகத் தாவுவார்கள். அப்புறம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிடுவார்கள். மடிப் பணமும் தீர்ந்தது, கைமாற்றும் ஏறிப்போனது. அதுதான் காரணம்.

மூன்றாம் வழி: மாதச் சம்பளமும் சேமநிதியும்

மெதுவாக, சீராக ஏறுகிறவருக்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சும் நெஞ்சும் வேலைக்குத் தக்கபடி கூடிவிடும். "ஆரம்பத்துல இளைச்சுது, அப்புறம் சரியாப் போச்சு" என்கிறோமே, அது இதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை ஓட்டுகிறது. கடும் உழைப்பில் அது 20 லிட்டர்கூடப் போகும். நுரையீரலில் ஏறிய பிராணவாயுவை இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சுமந்து போய்த் தசையில் இறக்குகின்றன. அங்கே மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. சீனியும் கொழுப்பும் இந்த அடுப்பில்தான் முழுதாக எரிகின்றன.

சீனி மாதச் சம்பளம் மாதிரி, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறவர் உடம்பில் மொத்தம் 400, 500 கிராம் இருக்கலாம். இரண்டு மணி நேரக் கடும் உழைப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். கொழுப்போ சேமநிதி மாதிரி. ஒல்லியான ஆளிடம்கூடக் கிலோக்கணக்கில் உண்டு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. தொகை பெரிது, ஆனால் கேட்ட மாத்திரத்தில் கைக்கு வராது, மெதுவாகத்தான் வரும். அதனால்தான் சீனி தீர்ந்ததும் நடை தளர்கிறது.

1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வாங்கினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் நடை. அது முழுக்க முழுக்க இந்த மூன்றாம் வழியின் வெற்றி. இருட்டு விலகுமுன் உளியோடு கிளம்பி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து நிரை நிரையாக நடந்து, பிறகு வாளி தூக்கிப் பாலெடுக்கும் நம் தாய்மார்களும் இதே வழியில்தான் உழைக்கிறார்கள். அவர்களுக்குப் பதக்கம்தான் யாரும் கொடுப்பதில்லை.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. எரித்த பலத்தில் நூற்றுக்கு இருபது இருபத்தைந்து பங்குதான் வேலையாகிறது. மீதி எல்லாம் சூடாகிறது. அந்தச் சூட்டை வேர்வை வெளியேற்றுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை லேசில் காயாது, உடம்பில் வழிந்தோடி வீணாகும். ஆகவே வேலை நேரத்தில் அடிக்கடி தண்ணீர் குடிப்பது அவசியம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெட்டுக்காட்டுக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசைக் கண்டுபிடித்தவர்

ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் எல்லப்பிரகத சுப்பாராவ். 1895-இல் பழைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர், தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியடிகள் சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்ததில் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற சிறிய பட்டத்தோடு வெளியேறினார். அமெரிக்காவுக்குப் போய், வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவு நேரத் துப்புரவு வேலை பார்த்தார். அந்த மனிதர்தான் ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1927-இல் பாஸ்போகிரியேட்டினைக் கண்டுபிடித்தார். 1929-இல் ஏ.டி.பி.யையும் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனியாக அதைக் கண்டார். சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1948-இல் காலமானார். அவர் பெயரை இன்னும் சற்று நேரத்தில் மறுபடி சொல்லப் போகிறேன்.

தம்பிக்கு ஏன் தொடை வலித்தது?

"லாக்டிக் அமிலம் சேர்ந்து போச்சு, அதான் வலி" என்று நானே முன்பு பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது தவறு. கடும் உழைப்பில் சேரும் லாக்டேட் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இருதயமே அதை எடுத்து எரித்துக்கொள்ளும். மறுநாள் வலிக்கு அது காரணமாக இருக்க முடியாது.

உண்மையான காரணம், அந்தத் தம்பி மலை இறங்கியதுதான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அப்போது தசையின் நுண்ணிழைகளில் சிறுசிறு சேதம் உண்டாகிறது. உடம்பு அதைப் பழுது பார்க்கும்போது வீக்கமும் வலியும் வரும். ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் நாள் கூடி, சில நாளில் தானே தீரும். மறுதடவை அவ்வளவு வலிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக நடந்து கொடுப்பதுதான் நல்ல மருந்து. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். கடும் உழைப்புக்குப் பிறகு சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால், தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த அம்மாவுக்கு என்ன?

அவரை உட்கார வைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. நகமும் நாக்கும் அப்படியே. அரசாங்க மருந்தகத்துக்கு அனுப்பி இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 7.6 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13.

இப்போது மூன்றாம் வழியை நினைத்துப் பாருங்கள். அடுப்பும் இருக்கிறது, விறகும் இருக்கிறது, காற்றும் நெஞ்சு நிறைய வருகிறது. காற்றைச் சுமந்து போகத்தான் ஆள் இல்லை. பத்துப் பேர் சுமக்க வேண்டியதை ஆறு பேர் சுமந்தால் ஓடி ஓடித்தானே சுமக்க வேண்டும்? அதுதான் நெஞ்சுப் படபடப்பு. அப்படியும் போதாமல் தசை இரண்டாம் வழியான கைமாற்றுப் பணத்துக்குப் போகிறது. மற்றவர்கள் நடந்து போகும் தூரம் அவருக்கு ஓட்டப் பந்தயம் ஆகிவிடுகிறது.

பேசிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சொன்னார்: "மலையில மட்டும் இல்லீங்கய்யா. வெட்டுக்காட்டுலயும் ஒரு வருஷமா இப்படித்தான். நிரை முடிக்க முடியலை. மண்டோர் எல்லார் முன்னாலயும் ஏசுறார். எனக்கே நான் சோம்பேறியாயிட்டேனோன்னு தோணிப்போச்சு." ஒரு வருடம்! அந்த ஒரு வருடத்தில் யாரும் அவர் கண்ணிமையை இழுத்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தலைவலி என்று இரண்டு தடவை என்னிடம் வந்தபோது மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். என் தவறையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெண்களுக்கு மாதப்போக்கில் இரத்தம் போகிறது. பிள்ளைப்பேறுகளில் போகிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே உள்ளே புகுந்து குடலில் இரத்தம் குடிக்கும். வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பு அணு தேறாது. ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் தேறாது.

1931-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாயில் நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையைப் பற்றி எழுதினார். மார்மைட் கொடுத்தபோது அவர்களுடைய இரத்தம் ஊறியதைக் கண்டிருந்தார். நம் கடைகளில் விற்கும் அதே மார்மைட்தான். அதில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அதே சுப்பாராவ்! அவருடைய சகோதரர்கள் இருவர், உடம்பில் சத்து ஒட்டாமல் செய்யும் ஸ்ப்ரூ என்ற குடல்நோயில் இறந்தவர்கள். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தாயிற்று. கர்ப்பிணிகளுக்கு நாங்கள் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை அதுதான். கசக்கிறது, பிடிக்கவில்லை என்று தலையணைக்கடியில் ஒளித்து வைக்காதீர்கள் தாய்மார்களே.

நாம் செய்ய வேண்டியவை

காலையில் வெறும் கோப்பி-ஓ குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடாதீர்கள். இரவு முழுக்கச் சாப்பிடாததில் ஈரலில் இருந்த சீனி பெரும்பகுதி தீர்ந்திருக்கும். இரண்டு இட்லியோ, ரொட்டியோ, பழைய சோறோ, ஏதாவது பசியாறிவிட்டுப் புறப்படுங்கள்.

முருங்கைக்கீரை, நெத்திலி, ஈரல், பயறு வகைகளில் இரும்புச்சத்து உண்டு. கூடவே கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்தால் உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பாட்டோடு தேநீரும் கோப்பியும் குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

காலணி இல்லாமல் வெட்டுக்காட்டில் இறங்காதீர்கள்.

இனிப்புநீர்க்காரர்கள், மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மலை ஏறக் கூடாது. விரதம் இருக்க வேண்டுமானால் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். மடியில் நாலு மிட்டாய் இருக்கட்டும். கை நடுங்கி, குளிர்ந்து வேர்த்து, பேச்சுக் குழறினால் உடனே வாயில் போடுங்கள்.

ஏறும்போது பேச்சு வர வேண்டும். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிந்தால் மூன்றாம் வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம். பேச முடியாமல் இரைத்தால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சை அழுத்துவது போல் வலி, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை இருந்தால் ஒரு படிகூட ஏறாதீர்கள். உட்காருங்கள், 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர் திடீரென்று உளறினாலோ தள்ளாடினாலோ, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நீரால் நனைத்து விசிறுங்கள். அவருக்கும் உடனே 999-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலோ நிரையிலோ ஒருவர் முன்பு போல் வேலை செய்ய முடியாமல் தளர்ந்தால், சோம்பேறி என்று சொல்லும் முன் கண்ணிமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் மருந்தகத்துக்கு அழைத்து வாருங்கள். வெளுப்புத் தெரியாவிட்டாலும் தளர்ச்சி தொடர்ந்தால் வாருங்கள். இமை சிவந்திருந்தும் சோகை இருப்பதுண்டு. இரத்தம் சோதித்தால்தான் தெரியும்.

அந்த அம்மா பூச்சி மருந்தும், இரும்பு மாத்திரையும், மஞ்சள் மாத்திரையும் பல மாதம் விடாமல் சாப்பிட்டார். இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாளும் மருந்தகத்துக்கு வந்தார். "மூணு எடத்துல உக்காந்து உக்காந்துதான் ஏறினேன் டிரெசரய்யா. ஆனா மேலே போயி முருகனைப் பார்த்துட்டேன்" என்றார்.

"இப்ப எதுக்கம்மா வந்தீங்க?" என்றேன்.

"தொடை வலிக்குதுங்கய்யா" என்றார் சிரித்துக்கொண்டே.